குறையா? கூடுதலா?

மௌனம் பலவகைப்படும். ஞானியின் மௌனம் ஒன்று. செபிப்பவரின் மௌனம் மற்றொன்று. துயருற்றவரின் மௌனம் பிறிதொன்று. இவை யாவும் உள்ளே நிறைவுடைய மௌனங்கள். ஆனால் ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் நாள்களில், முதலாண்டு வகுப்பறைகளின் பின்வரிசைகளில் வேறொரு மௌனம் வந்து அமர்கிறது. சொல்லுதற்குப் பொருள் இருந்தும், சொல்லுதற்குரிய மொழி கைவராதவரின் மௌனம் அது. பேராசிரியர் கேள்வி கேட்கிறார். விடை நெஞ்சில் இருக்கிறது. எழுந்து நின்றால் ஆங்கிலத்தில் அல்லவா சொல்ல வேண்டும்? தலை தாழ்கிறது. 'இவருக்குத் தெரியாது' என்ற முடிவு ஆசிரியர் மனத்தில் பதிகிறது. சில வாரங்கள் சென்றபின், தமக்குத் தெரியாது என்று அந்த மாணவரே நம்பத் தொடங்கிவிடுகிறார்.

இம்மௌனத்தைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்க வேண்டிய நிலையில் கல்லூரி வாயிலுக்குள் நுழையும் இளைஞருக்கு அக்கல்லூரி என்ன கடன்பட்டிருக்கிறது? அவருக்கென நடத்தப்பெறும் தனி வகுப்புகள் நீதியின்பாற் பட்டவையா, இரக்கத்தின்பாற் பட்டவையா? அவை அவரை உயர்த்துகின்றனவா, முத்திரை குத்தி ஒதுக்குகின்றனவா? பயிற்று முறைகளைப் பற்றி ஆங்கிலப் பேராசிரியர்கள் பேசுவார்கள். நாம் பேச வந்தது அறத்தைப் பற்றி.

பெயர் மாறிய அறிவு

தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்து வரும் மாணவர் வெறுங்கையராய் வருவதில்லை. விசை, திசைவேகம், முடுக்கம், உந்தம், நிலைமம் என இயற்பியலின் அடிப்படைக் கருத்துகளைக் கற்றே வருகிறார். ஒளிச்சேர்க்கை எவ்வாறு நிகழ்கிறது என்று அவருக்குத் தெரியும். கல்லூரியின் முதல் வாரத்தில் முடுக்கம் 'ஆக்ஸலரேஷன்' ஆகிறது. உந்தம் 'மொமெண்டம்' ஆகிறது. நிலைமம் 'இனெர்ஷியா' ஆகிறது. பொருள் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியிருக்கிறது. ஆயினும் ஒரே இரவில் தெருக்களுக்கெல்லாம் பெயர் மாற்றிவிட்டால், பிறந்து வளர்ந்த ஊரிலும் வழி தவறும் அல்லவா?

கலைச்சொற்களையாவது அகராதியில் தேடிக் கொள்ளலாம். அவற்றினும் கடியவை, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சிறு சொற்கள். 'அன்லெஸ்', 'வேர்ஆஸ்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'அஸ்யூம்' போன்ற சொற்களே ஒரு வாதத்தின் கீல்கள். கதவு எப்பக்கம் திறக்கும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. அவற்றைத் தனியே எடுத்துக் கற்பிப்பவர் அரியர். அவை தெரியாமல் பாடநூலைப் படிப்பவர், சொற்களையெல்லாம் அறிந்தும் வாக்கியத்தை இழக்கிறார்.

கடற்கரைப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், மீனவக் குடும்பத்து மாணவி ஒருவர் தாவரவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். மேல்நிலைத் தேர்வில் தம் பள்ளியில் முதலிடம் பெற்றவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆளும் அவரே. அக்டோபர் மாதத்தில் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டார். அழைத்துப் பேசினோம். "எனக்குப் படிப்பு வராது சாமி" என்றார். பள்ளியில் படித்ததில் ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி கேட்கும் எண்ணத்துடன், சவ்வூடு பரவல் என்றால் என்ன என்று வினவினோம். முகம் சற்றே மலர்ந்தது. "மீனுக்கு உப்புப் போட்டு வச்சா தண்ணி வெளிய வந்துடுதுல்ல சாமி, அதுக்குக் காரணம் அதுதான்" என்று தொடங்கி, செல்லின் சவ்வு எவ்வாறு நீரை மட்டும் கடக்க விடுகிறது என்பது வரை தெளிவாக விளக்கினார். இதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்று கேட்டோம். "அங்க அதுக்கு வேற பேரு சாமி. அவுங்க கேட்டப்ப, இதுதான் அதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இறால் உரிக்கும் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வேலையில் இழிவு ஏதுமில்லை. உழைத்து உண்ணும் எவ்வேலையிலும் இழிவில்லை. நம்மை உறுத்துவது, அவர் தம்மைப் பற்றிச் சுமந்து சென்ற தீர்ப்பு. 'எனக்குப் படிப்பு வராது' என்பது பொய். அப்பொய்யை அவரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் நான்கு மாத காலம் ஒரு நிறுவனம் அவரை அப்படி நம்பும்படி செய்துவிட்டது. ஒருவர் தம்மைப் பற்றிப் பொய்யான தீர்ப்பை ஏற்குமாறு செய்வது, அவருக்கு இழைக்கப்படும் அநீதிகளுள் ஒன்று என்பதை நாம் மறுக்க இயலுமா?

ஒன்றுபோல் நடத்துதல் நீதியாகுமா?

"நாங்கள் யாரையும் வேறுபடுத்தவில்லை. எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே தேர்வு. இதில் அநீதி எங்கே?" என்று கல்லூரியார் கேட்கலாம். நேர்மையான கேள்விதான், அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

அரிஸ்டாட்டில் தொட்டு வரும் அறநூல் மரபு இதற்கு விடை தருகிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் அம்மரபை ஏற்று, நீதியை இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் மற்றவரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்வதில் விளங்குவது பரிமாற்ற நீதி. ஒரு சமூகம் தன்னிடமுள்ள பொதுநன்மைகளைத் தன் உறுப்பினருக்குப் பகிர்வதில் விளங்குவது பங்கீட்டு நீதி. முன்னதில் எண்ணளவுச் சமன்பாடு போதும். பத்து ரூபாய் வாங்கியவர் பத்து ரூபாய் திருப்பித் தர வேண்டும். பின்னதில் அது போதாது. பெறுபவரின் நிலையை நோக்கிய விகிதச் சமன்பாடு அங்கே வேண்டும். பிள்ளைகள் நால்வருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்துக் கொடுக்கும் தாயை நீதியுடையவர் என்று யாரும் புகழ்வதில்லை.

இது ஏட்டுத் தத்துவம் மட்டுமன்று. வழக்குமன்றத்திலும் ஏறிய கேள்வி. ஐக்கிய அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வழி மாணவர்கள் ஏறத்தாழ 1,800 பேர், மொழிக்கென எவ்விதத் தனி உதவியும் இன்றி மற்றவரோடு அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட 'லா எதிர் நிக்கல்ஸ்' என்னும் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. ஒரே கட்டடம், ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் ஆகியவற்றைத் தந்துவிட்டதனால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது; கற்பிக்கும் மொழி புரியாதவருக்குப் பொருளுள்ள கல்வி எதுவும் கிட்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். எந்த முறையில் உதவ வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. உதவாதிருக்கலாகாது என்பதையே நிலைநாட்டியது. அது பள்ளிகளைக் குறித்த வழக்குதான். ஆனால் அதன் நியாயம் கல்லூரியின் படிக்கட்டோடு நின்றுவிடுமா?

பரிமாற்ற நீதியின் கண்கொண்டு பார்த்தாலும் இதே முடிவுக்கே வருகிறோம். ஒரு கல்லூரி மாணவரின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறது. அவர் தமிழ்வழியில் பயின்றவர் என்பதை அறிகிறது. கட்டணம் பெற்று இடம் தருகிறது. இச்செயலில் ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது: 'நீர் கற்கக்கூடியவர்; உமக்கு நாங்கள் கற்பிப்போம்.' அறிந்தே சேர்த்துக்கொண்டு, அறியாதவர்போல் கற்பித்தால், விலை வாங்கிக்கொண்டு பொருளைத் தராததற்கு ஒப்பாகும் அது. ஆகவே இம்மாணவருக்கான மொழி வகுப்பு, வசதி இருந்தால் செய்யும் தருமமாகாது. அது திருப்பித் தரவேண்டிய கடன்.

நோயாளிகள் அல்லர், கற்போர்

அப்படியானால் தனி வகுப்பு நடத்திவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? இங்கேதான் இரண்டாவது கேள்வி எழுகிறது.

நம் நாட்டில் இவ்வகுப்புகளுக்கு வழங்கிவரும் பெயர் 'ரெமிடியல்' என்பது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய மாணவர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் இப்பெயரிலேயே நிதி வழங்கி வந்தது. நல்ல நோக்கம், பலர் அதனால் பயன் பெற்றனர். ஆயினும் பெயரைச் சற்று உற்று நோக்குவோம். மருந்து, பரிகாரம் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது அது. பரிகாரம் வேண்டுமாயின் முதலில் நோய் இருக்க வேண்டும். ஒரு மொழியை இன்னும் கற்காதிருத்தல் எப்போது நோயாயிற்று?

நம் திருச்சபையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர் என நாம் போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்தார். 1710ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தார். கரையிறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. தமிழை அதன்பின்னரே முறையாகப் பயின்றார். அவரை 'மொழியில் பின்தங்கியவர்' என்று எவரேனும் எழுதியதுண்டா? அவர் கற்கத் தொடங்கியவராகவே கருதப்பட்டார். பின்னர்த் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் தந்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றீக்கஸ் அடிகளாரும் அப்படித்தான். வளர்ந்த வயதில் தமிழ் கற்று, பின்வருவோர்க்குப் பயன்படுமாறு போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார்; 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் அச்சேற்றினார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தமிழைக் கூடுதல் மொழியாகக் கற்க வந்த குருக்களுக்காக வீரமாமுனிவர் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. கற்பவர் ஏற்கெனவே அறிந்த மொழியில் நின்று, அறியாத மொழிக்கு வழி காட்டும் நூல் அது. கற்போரின் சொந்த மொழியை அவர் இடையூறாகக் கருதவில்லை, படிக்கல்லாகக் கொண்டார்.

ஐரோப்பியர் ஒருவர் முப்பது வயதில் தமிழ் அறியாது நின்றால் அவர் கற்போர். தமிழ் இளைஞர் பதினெட்டு வயதில் ஆங்கிலம் அறியாது நின்றால் அவர் குறையுடையோர். இவ்வேறுபாடு மொழியிலிருந்து வந்ததன்று. எவருடைய மொழி அதிகாரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து வந்தது. அதிகாரத்தின் அளவுகோலால் அறிவை அளப்பது அறமாகாது.

இதனை உணர்ந்து, சில தன்னாட்சிக் கல்லூரிகள் நல்ல முயற்சிகளை மேற்கொண்டன. தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றியபின், அவற்றுள் சில தொடக்கத்திலேயே ஒரு தேர்வு வைத்து, மாணவரின் ஆங்கிலத் திறத்திற்கேற்ப இரண்டு மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்ற நூல் தந்து கற்பித்தன. பயிற்றுமுறை நோக்கில் இது அறிவுடைமை. எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் ஷேக்ஸ்பியரைப் படிக்கவல்லவரையும் ஒரே பாடத்தின் முன் அமர்த்துவது இருவருக்கும் இழப்பு. ஆனால் பிரிவுகளின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். ஆங்கிலத் திறத்தால் பிரித்ததாக நாம் எண்ணுகிறோம். பிரிந்து நிற்பதோ பெரும்பாலும் ஊராலும் சாதியாலும் தந்தையின் வருவாயாலும். மேற்பிரிவில் நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தவர்; கீழ்ப்பிரிவில் விவசாயக் கூலியின் மகனும், பீடி சுற்றுபவரின் மகளும், தலித் கிறிஸ்தவக் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரியும். தனி அறை தேவைதான். அவ்வறையின் வாயில் எப்போதும் திறந்திருக்கிறதா, அதிலிருந்து வெளியேறும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதே அது வகுப்பறையா ஒதுக்கிடமா என்பதைத் தீர்மானிக்கும்.

பிழையின் பின்னே ஒரு பெருமை

பிழைகளை நோக்கும் கண்ணும் மாறவேண்டும். "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்று மாணவர் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. அவர் என்ன செய்தார்? 'நேற்றுத்தான் வந்தேன்' என்னும் தமிழ்த் தொடரில் 'தான்' என்ற இடைச்சொல் எவ்விடத்தில் நிற்கிறதோ, அவ்விடத்திலேயே 'ஒன்லி'யை வைத்தார். தமிழ் இலக்கணம் அவருள் வேரூன்றியிருப்பதற்குச் சான்று அது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் 'தி', 'ஏ' என்னும் சிறு சொற்களை அவர் விட்டுவிடுகிறார். ஏனெனில் தமிழில் அத்தகைய சொல்வகை இல்லை. 'ஸ்மால் ஸ்மால் ஹவுஸஸ்' என்கிறார். 'சின்னச் சின்ன வீடுகள்' என்பது நமக்கு அழகு அல்லவா? இப்பிழைகள் அறியாமையால் விளைந்தவையல்ல; ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழிக்குள் எடுத்துச் செல்வதால் விளைந்தவை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டில் தன் வாயிலை அந்நகர உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் திறந்துவிட்டது. அதுவரை கல்லூரியை எட்டிப் பாராத ஏழை மாணவர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். வீட்டில் வேறு மொழி பேசுவோரும் அவருள் பலர். அவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கண்ட பேராசிரியர் சிலர் திகைத்து, இவர்கள் கல்விக்கு உரியவரல்லர் என்றே எண்ணினர். அங்கே பணியாற்றிய மினா ஷாக்னஸி என்னும் ஆசிரியை அவ்வாறு எண்ணவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் கட்டுரைகளைப் பொறுமையோடு ஆராய்ந்து, 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். பிழைகளில் ஒழுங்கு உண்டு; அவற்றுக்குக் காரணம் உண்டு; இம்மாணவர்கள் திறனற்றோர் அல்லர், தொடக்க நிலையினர்; எல்லாத் தொடக்க நிலையினரையும் போலப் பிழை செய்தே கற்கிறார்கள் என்று காட்டினார். சிவப்பு மையால் வட்டமிட்டுத் தள்ளிய தாள்களை, ஒரு மனிதர் தம் கருத்தை உரைக்க முயன்ற முயற்சியாக அவர் வாசித்தார். ஆசிரியப் பணியில் இதைவிட மேலான மரியாதை வேறு உண்டோ?

பத்து நாளில் கட்டிய பாலம்

கடனை அடைக்கக் காலமும் வேண்டும். பல கல்லூரிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்னும் இணைப்பு வகுப்பு சில நாள்கள் நடைபெறுகிறது. பாலம் என்று பெயர். ஆனால் ஆற்றின் அகலத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கனடாவில் குடியேறியோரின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியாளர் இருவகை மொழித்திறனைப் பிரித்துக் காட்டினார். அன்றாட உரையாடலுக்குப் போதிய திறன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடங்களைப் புரிந்து, வாதிட்டு எழுதுவதற்குரிய திறன் வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் கண்டார். நாள்தோறும் ஆங்கிலம் சூழ வாழும் பிள்ளைகளுக்கே இத்துணைக் காலம். விடுதி திரும்பினால் தமிழும், ஊர் திரும்பினால் தமிழும் பேசும் நம் மாணவருக்குப் பத்து நாள் போதுமா? 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அப்பிரிவுகளிலிருந்து வருவோர் பலரும் பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவரேயன்றி, ஆங்கிலத்தில் சிந்தித்துப் பழகியவரல்லர். ஆகவே சான்றிதழில் உள்ள சொல்லை நம்பி இக்கடமையைத் தட்டிக் கழிக்கவும் இயலாது.

அதேவேளை, காலம் மிகுதியாய் நீண்டாலும் தீங்கு நேரும். பட்டத்திற்குக் கணக்கில் வராத மொழி வகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், மாணவர் நடைபாதையிலேயே களைத்து நின்றுவிடுவர். இதை உணர்ந்தே கலிபோர்னியா மாநிலம் 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்போர், பட்டத்திற்குரிய ஆங்கிலப் பாடத்தை மூன்றாண்டுகளுக்குள் முடிக்கும் வாய்ப்பு மிகுமாறு கல்லூரிகள் வழிசெய்ய வேண்டும் என்பது அச்சட்டம். காத்திருப்பு அறை வீடாகிவிடக் கூடாது.

இவ்விடத்தில் நம் இல்லத்தையே சற்று நோக்குவோம். தமிழ்வழியில் பயின்று குருமடம் சேரும் இளைஞர்கள் பலருக்கு, தத்துவ இயல் தொடங்கும் முன்னர் ஆங்கிலத்திற்கென்றே ஓராண்டு காலம் ஒதுக்கப்படுகிறது. அவ்வாண்டில் வேறு சுமை இல்லை. யாரும் அவர்களை இகழ்வதில்லை. வாசகத்தைத் தடுமாறிப் படித்தாலும் கேட்போர் பொறுத்துக் கொள்கின்றனர். அந்த ஓராண்டின் பயனால்தான் நம்மில் எத்தனையோ பேர் பின்னர் இறையியல் நூல்களைத் திறந்து படிக்க முடிந்தது. எதிர்காலக் குருவுக்கு ஓராண்டு தேவை என்று திருச்சபை அறிந்திருக்கிறது. அதே பள்ளியில், அதே பலகையில், அவர் அருகே அமர்ந்து படித்த பொதுநிலையினரின் மகளுக்கு மட்டும் பத்து நாள் போதும் என்று நம் கல்லூரிகள் எவ்வாறு முடிவு செய்தன? மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் கல்லூரிகள் இக்கேள்விக்கு விடைகூறக் கடமைப்பட்டவை.

தமிழுக்கு எதிரானதா?

"தமிழிலேயே கற்பித்தால் இச்சிக்கல் ஏது?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழால் இயலாது என்பார் கூற்று வரலாற்றின் முன் நில்லாது. ஆயினும் உயர் ஆராய்ச்சி நூல்களும் பணி வாய்ப்புகளும் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியே வரும் இன்றைய நிலையில், ஆங்கிலம் வேண்டாம் என்று ஏழையின் பிள்ளைக்கு மட்டும் அறிவுரை கூறுவது அறமன்று. அவ்வறிவுரை கூறுவோர் பலரின் பிள்ளைகள் எப்பள்ளியில் பயில்கின்றனர் என்பதை ஊர் அறியும்.

மறுபுறம், "ஆங்கிலம் வரவேண்டுமானால் வளாகத்தில் தமிழ் பேசாதே, பேசினால் அபராதம்" என்பாரும் உளர். ஒரு கண்ணைக் குத்திவிட்டு மற்றொரு கண்ணுக்கு மை தீட்டும் செயல் அது. 'கூடுதல் மொழி' என்னும் சொல்லிலேயே அறம் அடங்கியிருக்கிறது. கூட்டல் என்பது இருப்பதை வைத்துக்கொண்டு மேலும் சேர்ப்பது. இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அது கூட்டலாகாது. மீன் உப்பிடுவதைக் கொண்டு சவ்வூடு பரவலை விளக்கத் தெரிந்தவருக்கு 'ஆஸ்மாஸிஸ்' என்னும் சொல்லைக் கற்பிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவர் அறிந்ததை அழித்துவிட்டுக் கற்பிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கடனைத் தீர்க்கும் வழி

செய்யத்தக்கவை அரியவை அல்ல. முதலாவது, வகுப்பு ஓராண்டு முழுதும் நடைபெறட்டும். அதுவும் கால அட்டவணைக்குள்ளேயே நடைபெறட்டும். மாலை நான்கு மணிக்குமேல் வைக்கப்படும் வகுப்பு, கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய சிற்றூர் மாணவருக்கும், இரவில் சமையல் பந்திக்குப் பரிமாறச் சென்று கட்டணம் ஈட்டும் மாணவருக்கும் இல்லாத வகுப்பே. இரண்டாவது, மொழியைக் கற்பிப்பது ஆங்கிலத் துறையின் வேலை மட்டும் என்று மற்றத் துறையினர் ஒதுங்கலாகாது. இயற்பியல் ஆசிரியர் முதல் பருவத்திலாவது முடுக்கத்தையும் 'ஆக்ஸலரேஷ'னையும் அருகருகே கரும்பலகையில் எழுதட்டும். மூன்றாவது, தேர்வுத்தாளைத் திருத்தும்போது, தாம் அளப்பது தாவரவியலையா ஆங்கிலத்தையா என்று ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். நான்காவது, ஆங்கிலத்தை நன்கு அறிந்த மாணவர் அருகிருப்பவருக்குத் துணை நிற்கட்டும். தமிழில் அவரிடமிருந்து தாமும் கற்றுக் கொள்ளட்டும்.

கற்பவருக்கும் கடமை உண்டு. அவரைப் பரிதாபத்துக்குரியவராக்குவது மற்றொரு வகை அவமதிப்பு. நாள்தோறும் ஒரு பக்கமாவது உரக்கப் படிக்க வேண்டும். பிழை நேரும் என்று அஞ்சாது வாய்திறக்க வேண்டும். 'முப்பது நாள்களில் ஆங்கிலம்' என்னும் விளம்பரங்களை நம்பாது, முந்நூறு நாள் உழைக்க வேண்டும். ஆனால் உழைப்பு பயன்தரும் என்று அவர் நம்புவதற்கு, அவரால் இயலும் என்று முதலில் ஒருவர் நம்பியாக வேண்டும். அந்த முதல் நம்பிக்கையைத் தரும் பொறுப்பு ஆசிரியருடையது.

இதை வாசிப்போருள் கல்லூரி ஆசிரியர்கள் இருப்பீர்கள். ஆட்சிக் குழு உறுப்பினர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெற்றோர் பலர் இருப்பீர்கள். பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளை முதற்பருவத்தில் வாடி வந்து நின்றால், மதிப்பெண்ணைக் கேட்கும் முன், வகுப்பில் வாய்திறந்து பேச முடிகிறதா என்று கேளுங்கள். ஆசிரியர்க்கும் ஆட்சிக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள்: வரும் கல்வியாண்டின் கால அட்டவணை எழுதப்படும் நாளில், ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்போருக்கென எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எப்பொழுது ஒதுக்கப்பட்டிருக்கிறது, யார் கற்பிக்கிறார் என்று கேளுங்கள். பின்வரிசையில் தலை தாழ்ந்து இருப்பவர் அக்கேள்வியைக் கேட்கும் நிலையில் இல்லை. நம்மிடமோ அதைக் கேட்பதற்கு வேண்டிய மொழி இருக்கிறது.